நடுவர் தவசி உட்கார்ந்ததால் ஒடுங்கிய தெரு

முதலில் ஒரு விடுகதை. இரண்டு பக்கமும் வீடு வைத்திருக்கும், தனக்கென்று ஒரு வீடு கிடையாது. எல்லாரும் மிதிப்பார்கள், ஒருவரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். ஆள் நடந்தால் அகலும், ஆள் உட்கார்ந்தால் ஒடுங்கும். அது என்ன?

அவசரமில்லை, யோசித்துச் சொல்லலாம். முதல் இரண்டு குறிப்புகளைக் கேட்டதும் தெரு என்று சொல்ல வாயெடுத்திருப்பீர்கள், மூன்றாவதைக் கேட்டதும் தெரு எங்கேயாவது அகலுமா ஒடுங்குமா என்று மூடிக்கொண்டிருப்பீர்கள். முதலில் நினைத்ததுதான் சரி. இராஜபாளையத்துக்குத் தெற்கே, மலை தெரிகிற ஓர் ஊரில், மூணாம் பேட்டைத் தெரு என்று ஒன்று இருக்கிறது. அதன் அகலம் இருபத்திரண்டு அடி என்று நகராட்சிப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது, இருபத்திரண்டு அடியாகத்தான் அது நாற்பது வருஷம் கிடந்தது, போன ஐப்பசி மாதம் வரைக்கும்.

அந்தத் தெருவில் தவசி என்று ஒருவர் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணியை மடித்துக் கட்டுவார், ஏழாவது நாள் வெள்ளைச் சட்டை போட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கபடிப் போட்டிகளுக்கு நடுவராக நிற்பார். கோட்டோரமாகப் பின்பக்கமாகவே ஓடுவதில் அவரைப் போல இன்னொருவர் அந்த வட்டாரத்தில் இல்லை. ஒரு விரல் நுனி பட்டதா படவில்லையா என்று இரண்டு ஊர்க்காரர்களும் அடித்துக்கொள்ளத் தயாராக நிற்கும்போது, தவசி பார்த்திருந்தால் கையை உயர்த்துவார், பார்க்காவிட்டால் உயர்த்த மாட்டார், பார்த்த மாதிரி இருந்தாலும் உயர்த்த மாட்டார். மாதிரிக்குப் பாயிண்ட் கிடையாது என்பது அவருடைய சட்டம்.

எல்லா ஆட்டத்திலும் யாராவது ஒருவர் கூட்டத்திலிருந்து, "நடுவரே, கண்ணு தெரியலையா?" என்று கத்துவார். தவசி அதைக் காக்கை கத்துகிற மாதிரி எடுத்துக்கொள்வார். புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடது மூலையில் ஒரு பையன் எதிராளியின் முழங்காலை நன்றாகத் தொட்டுவிட்டு ஓடி வந்தான். தவசி கையை உயர்த்தவில்லை. கூட்டம் கத்தியது. தொடப்பட்டவனே, "தொட்டான் சார், எனக்கே தெரியும்," என்று ஒத்துக்கொண்டான். அன்றைக்குத்தான் அந்தக் கேள்வி உண்மையான கேள்வியாக அவர் காதில் விழுந்தது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. தெருவில் மூன்று பேருக்குக் கிளாக்கோமா என்று சொன்னார்கள். ஒருவர் தவசி. இன்னொருவர் எதிர்வீட்டு ஜெபக்கனி, ஜாக்கெட் தைக்கிற அம்மாள். மூன்றாவது ஆள் நாகமணி அண்ணாச்சி, பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து, ஓய்வு பெற்ற பிறகும் தினமும் அங்கே போய்வந்தவர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, வலியில்லாமல், சத்தமில்லாமல், பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிற நோய் என்று டாக்டர் விளக்கினார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம், காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் சொட்டு மருந்து, தினமும் நடை, தலைகீழாக மட்டும் நிற்க வேண்டாம் என்றார்.

மூன்று பேரும் இதில் கடைசி வார்த்தைகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தலைகீழாக நிற்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னது, வழியில் நிற்கவே வேண்டாம் என்று ஆகி, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அசையவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. உடம்பு ஆடினால் கண்ணில் அழுத்தம் ஏறும் என்று நாகமணி சொன்னார். இடது பக்கமிருந்து பைக் வந்தால் தெரியாது என்று ஜெபக்கனி சொன்னார். தவசியிடம் ஒரு படம் இருந்தது. முகாமிலிருந்து அவரை அனுப்பிய ஆஸ்பத்திரியில், வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, உள்ளே எங்கெங்கோ மினுங்கும் சின்னச் சின்ன வெளிச்சங்களைப் பார்க்கும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தார்கள். முடிவில் அவருக்குக் கிடைத்த படத்தில் நடுவில் ஒரு ரூபாய் வட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது, மற்றதெல்லாம் கறுப்பு. அந்தப் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல் ஓரமாக நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர், சாப்பிடவும் குளிக்கவும் தூங்கவும் தவிர எழுந்திருக்கவில்லை.

மூன்று பேரும் உட்கார்ந்த மறுநாள் தெரு நாலு விரற்கடை ஒடுங்கியது. அதற்கடுத்த நாள் இன்னும் நாலு விரற்கடை.

பத்து நாள் யாரும் கவனிக்கவில்லை. பதினோராம் நாள் இரண்டு ஆட்டோக்கள் எதிரெதிரே வந்து, எப்போதும் போல ஒதுங்கி, எப்போதும் போல இல்லாமல் உரசிக்கொண்டன. பிறகுதான் நகராட்சி ஓவர்சியர் அங்குராஜைக் கூப்பிட்டார்கள். அவர் நாடாவைப் பிடித்து அளந்தார், பத்தொன்பது அடி மூன்று அங்குலம். மறுநாள் அளந்தார், பத்தொன்பது அடி. சுவரில் விரிசல் இல்லை, மண் சரியவில்லை, வீடுகளுக்குப் பின்னால் அந்த அளவுக்கு இடம் கூடியிருக்கிறதா என்று சுற்றிப் போய்ப் பார்த்தார், அதுவும் இல்லை. "சரி, ஒடுங்குது," என்று எழுதிக்கொண்டு, ஆக்கிரமிப்பு என்ற தலைப்பில் போடுவதா தேய்மானம் என்ற தலைப்பில் போடுவதா என்று தெரியாமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு புதுப் பக்கம் திறந்தார்.

தெரு அதற்குத் தகுந்த மாதிரி வாழ ஆரம்பித்தது. முதலில் ஆட்டோ நின்றது, பிறகு தள்ளுவண்டி நின்றது, பால்காரியின் மாடு உள்ளே வந்தால் திரும்ப முடியாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே போகக் கற்றுக்கொண்டது. மார்கழி பிறந்தபோது பதினோரு அடிதான் இருந்தது, ஒரு வாரத்தில் அதுவும் ஒன்பதாகிவிட்டதால், எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு கோலம் போட இடமில்லாமல் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கோலமாகப் போட்டார்கள், ஒரு நாள் இந்த வீட்டு மாவு, ஒரு நாள் அந்த வீட்டு மாவு. ஜெபக்கனி தன் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை ஒரு கயிற்றில் கட்டி, மறுமுனையைத் தவசி வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டச் சொல்ல, தெருவுக்கு நடுவில் அது இரண்டு வீட்டுக்கும் பொதுவாகத் தொங்கியது. கயிறு நாளுக்கு நாள் தளர்ந்ததால் தினமும் காலையில் ஒரு முடிச்சுப் போட்டுக் குறைத்தார்கள்.

தவசியின் மனைவி பேச்சியம்மாளும் ஜெபக்கனியும் சாக்கடைத் தண்ணீர் விஷயமாக மூன்று வருஷம் பேசாமல் இருந்தவர்கள். தெரு ஆறடியானபோது ஒருவர் அடுப்பில் கடுகு வெடித்தால் மற்றவர் தும்மினார்.

"என்ன மதினி, மிளகாய் ஜாஸ்தி போட்டுட்டீங்களா?" என்றார் ஜெபக்கனி ஒரு நாள், வேறு வழியில்லாமல்.

"உங்க வீட்டு மீன் வாடைக்கு எங்க வீட்டுச் சோறு தானா இறங்குது, நான் கேட்டேனா?" என்றார் பேச்சியம்மாள்.

அன்றைக்கு மத்தியானமே மீன்குழம்புக் கிண்ணம் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்குக் கை நீட்டிப் போனது, பருப்பு உருண்டைக் குழம்பு திரும்பி வந்தது. அதன் பிறகு தெரு முழுவதும் கிண்ணங்கள் போகவும் வரவுமாக இருந்தன. எதிர்வீட்டு டிவியைத் தன் வீட்டில் உட்கார்ந்து, தன் வீட்டு ரிமோட்டால் மாற்றினார்கள். சண்டைகள் ரகசியம் போல மெல்லிய குரலில் நடந்தன, முகம் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது கத்தினால் தனக்கே கூசுகிறது என்றார்கள். கேஸ் சிலிண்டர்கள் மாடி வழியாகக் கயிற்றில் ஏறின. பிள்ளைகளுக்கோ தலைகால் புரியவில்லை. ஒரு கால் இந்தச் சுவரிலும் ஒரு கால் அந்தச் சுவரிலும் வைத்துப் பல்லி மாதிரி மேலே ஏறினார்கள், மாடியிலிருந்து மாடிக்குத் தாண்டினார்கள், தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தரையைத் தொடாமலே போய்வந்தார்கள், சாப்பிடக் கூப்பிட்டால் எந்த வீட்டுத் தட்டு முதலில் கண்ணில் படுகிறதோ அந்த வீட்டில் சாப்பிட்டார்கள்.

தவசிக்கும் தெரு பிடித்துவிட்டது. "இப்பத்தான் என் கண்ணுக்கு ஏத்த அளவுக்கு வந்திருக்கு," என்றார் நாற்காலியில் இருந்தபடியே. "பக்கவாட்டிலிருந்து ஒண்ணும் வர முடியாது பாரு. பக்கமே இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அவருடைய மகள் காளீஸ்வரிக்கு, அவளுக்கு ஒன்பது வயது, ஐந்தாம் வகுப்பு, அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் முதல்முதலாகப் பயம் வந்தது. அதுவரைக்கும் அவளும் மாடி தாண்டிக்கொண்டுதான் இருந்தாள்.

எழுபத்தெட்டாம் நாள் தெரு இரண்டரை அடி. ஓவர்சியர் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்து, வீடுவீடாக ஒரு தாளைக் கொடுத்தார். இன்னும் பத்து நாளில் சுவரும் சுவரும் ஒட்டிக்கொள்ளும், அதற்குள் எல்லாரும் சாமான்களோடு கல்யாண மண்டபத்துக்குப் போய்விட வேண்டும், திரும்பி வருவதைப் பற்றி மேலதிகாரிகளிடம் கேட்டிருக்கிறது. பேச்சியம்மாள் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு டிரங்குப் பெட்டியை இறக்கினார்.

"நீங்க போங்க," என்றார் தவசி. "நான் உள்ளேயே இருந்துக்கிடுதேன்."

"சுவரு மூடிட்டா?"

"மூடட்டும். எனக்கு வெளியில என்ன இருக்கு?"

பேச்சியம்மாள் அழவில்லை, பெட்டியை மூடிவிட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். தவசி சொன்னால் சொன்னதுதான் என்று தெரு முழுவதற்கும் தெரியும், இரண்டு ஊர்க்காரர்கள் கல்லெடுத்தபோதும் கொடுத்த தீர்ப்பை மாற்றாதவர். காளீஸ்வரி அன்றிரவு சாப்பாட்டின்போது எண்ணிப் பார்த்தாள். மாதம் வேண்டாம், வாரம் வேண்டாம், நாள்தான். பத்து.

எண்பதாம் நாள் காலையில் அவள் அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்தாள். "இன்னைக்கு மறுபரிசோதனைன்னு தேதி போட்டிருக்குப்பா."

"போட்டிருந்தா இருக்கட்டும்."

"வாங்கப்பா போயிட்டு வந்துருவோம்."

"நான் வரலைன்னு சொன்னா புரியாதா உனக்கு?"

காளீஸ்வரி உள்ளே போய், ஆணியில் மூன்று மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த விசிலை எடுத்துத் துடைத்து, கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"ரெய்டுக்குக் கூப்பிட்டும் ஆளு எந்திரிக்கலைன்னா நீங்க என்னப்பா செய்வீங்க?"

"அஞ்சு செகண்டு பார்ப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவனுக்கு வாய்ப்புப் போச்சு."

அவள் விசிலை ஊதினாள். இரண்டடிச் சந்தில் அந்தச் சத்தம் போக இடமில்லாமல் சுவருக்குச் சுவர் மோதி, தெருவின் இரண்டு முனைக்கும் போய்த் திரும்பி வந்தது. எதிர் ஜன்னலில் ஜெபக்கனி தையல் மெஷினை நிறுத்தினார். காளீஸ்வரி விரலை மடக்கி எண்ணினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." தவசிக்கு இடது பக்கத்தில் இல்லாத பைக்குகள் நூறு வந்தன. "நாலு," என்றாள். தவசி எழுந்து நின்றார். சட்டம் சட்டம்தான்.

தெருவுக்குள் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது என்பதால் அவள் பின்னால் நடந்தாள். தெரு முனையைத் தாண்டியதும், வானமும் சத்தமும் ஒன்றாகத் திறந்துகொள்ள, தவசி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். காளீஸ்வரி அவருடைய இடது பக்கம் வந்து கையைப் பிடித்தாள்.

"இங்கன நின்னா நீ எனக்குத் தெரியவே மாட்ட, பிள்ள."

"நீங்க பாக்க வேண்டாம். நான் சொல்றதைக் கேட்டா போதும்." கபடிப் போட்டியில் மைக் பிடிக்கிறவரின் குரலை வரவழைத்துக்கொண்டாள். "இதோ இடது பக்கத்திலே ரெண்டு வெள்ளாடு, ரெண்டும் களத்துக்கு வெளியேதான் நிக்குது. இப்ப ஒரு சைக்கிள் வருது, சைக்கிள்ல வர்றவர் மீசை வச்சிருக்காரு, நம்மளைப் பார்த்துட்டாரு, விலகிப் போறாரு, நமக்குப் பாயிண்ட் இல்லை அவருக்கும் பாயிண்ட் இல்லை. இப்ப ஒரு பள்ளம், சின்னப் பள்ளம், தாண்டுங்க. அருமையான தாண்டல்."

டவுன் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் எழுநூறு அடி. தவசி நூறாவது அடியில் மூச்சு விட்டார், இருநூறாவது அடியில் வியர்வையைத் துடைத்தார், நானூறாவது அடியில், "அந்த மீசைக்காரன் யாரு, நம்ம கறிக்கடை ராசுவா?" என்று கேட்டார்.

அதே நேரம் வீட்டில் பேச்சியம்மாள் ஜன்னல் வழியாக ஜெபக்கனியிடம் காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தார். தினமும் நீட்டுகிற அதே கை, அதே நீளம். டம்ளர் ஒரு சாண் எட்டாமல் நடுவில் விழுந்தது. இரண்டு பேரும் கீழே கிடந்த டம்ளரைப் பார்த்தார்கள், பிறகு காலியாக இருந்த நீல நாற்காலியைப் பார்த்தார்கள்.

"அண்ணன் நடக்காரு," என்றார் ஜெபக்கனி.

"ஏ மதினி," என்றார் பேச்சியம்மாள். "நீங்களும் எந்திரிங்க."

ஆஸ்பத்திரியில் மெஷின் அருகே ஆபிதா என்ற பெண் இருந்தாள், முதல் தடவையும் பரிசோதித்தவள் அவள்தான். பழைய படத்தையும் அவர் முகத்தையும் பார்த்தாள். "இவ்வளவு கறுப்பா இருந்தா நீங்க இந்தக் கதவைக் கண்டுபிடிச்சு வந்திருக்கவே முடியாதே ஐயா. போன தடவை வெளிச்சம் தெரிஞ்சப்ப எல்லாம் அழுத்தினீங்களா?"

"தெரிஞ்சப்ப அழுத்தினேன்."

"லேசா தெரிஞ்சா?"

"லேசா தெரிஞ்சா எப்படிம்மா குடுக்கிறது?"

"என்னத்தைக் குடுக்கிறது?"

"பாயிண்ட்."

ஆபிதா காளீஸ்வரியைப் பார்த்தாள். "அப்பா நடுவரு," என்றாள் காளீஸ்வரி. "சந்தேகம்னா கையைத் தூக்க மாட்டாரு."

ஆபிதா நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஐயா, இது உங்க மேட்ச் இல்லை. இதுல எதிர் டீமே கிடையாது, வெளிச்சம் எல்லாம் நம்ம பிள்ளைங்க. வந்த மாதிரி இருந்தாலே அழுத்தணும். தப்பா அழுத்தினா மெஷின் கண்டுபிடிச்சுக்கும், உங்களை யாரும் கேக்க மாட்டாங்க."

முப்பது வருஷமாகச் செய்யாத காரியத்தைத் தவசி அன்றைக்குச் செய்தார். மாதிரிக்கும் கொடுத்தார். வெளிச்சமாக இருக்கலாம் என்று தோன்றியதற்கெல்லாம் பொத்தானை அழுத்தினார், அழுத்த அழுத்த அவருக்கே சிரிப்பு வந்தது, தாடையை அசைக்கக் கூடாது என்று ஆபிதா இரண்டு தடவை அதட்டினாள். புதுப் படத்தில் வெள்ளை பாதிக்கு மேல் இருந்தது. இடது ஓரம் மட்டும் கறுப்பாகவே இருந்தது, அது உண்மையான கறுப்பு. டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நோய் குணமாகவில்லை, இந்த இடது ஓரம் திரும்பி வராது, ஆனால் மற்றது இருக்கிறது, அது எப்போதும் இருந்தது என்றார். கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தைப் பழகச் சொன்னார். தெரு ஒடுங்குவதைப் பற்றிக் காளீஸ்வரி கேட்டதற்கு, அது ஓவர்சியர் சமாசாரம் என்றார். சீட்டில் 'தினமும் நடக்கவும்' என்று இரண்டாவது முறையாக எழுதி, இந்தத் தடவை அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

அவர்கள் திரும்பி வந்தபோது தெரு நாலடி இருந்தது. அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து உள்ளே வந்தார்கள்.

அதன் பிறகு அந்தத் தெருக்காரர்கள் செய்ததைக் கொஞ்சம் அளவு மீறியது என்றுதான் சொல்ல வேண்டும். மூணு பேரையும் காலையிலும் நடக்க வைத்தார்கள், சாயங்காலமும் நடக்க வைத்தார்கள். நாகமணி அண்ணாச்சி தன் பழைய குரலை எடுத்துக்கொண்டு, "நாகமணி, தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு, காலை ஆறு பத்துக்குப் புறப்படும், வழியில் எங்கும் நிற்காது," என்று தன்னையே அறிவித்துவிட்டுப் புறப்பட்டார். ஜெபக்கனி அடிகளைத் தையல் எண்ணுவது போல எண்ணினார், எண்ணிக்கை தவறினால் பிரித்துவிட்டு முதலிலிருந்து நடந்தார். இடது பக்கத்துக்கு ஆளுக்கொரு பிள்ளை, பிள்ளைக்கொரு வர்ணனை. பின்னால் தட்டும் கரண்டியுமாக ஊர்வலம், ஊர்வலத்துக்குப் பின்னால் நாய்கள், கடைசியில் பின்பக்கமாகவே நடக்கப் பழகிவிட்ட மாடு. ஒரு நடைக்கு ஒன்றரை அடி, இரண்டடி, போகப் போக மூன்றடி என்று தெரு திறந்துகொண்டே போனது. ஐந்தாம் நாள் பதினெட்டு. ஆறாம் நாள் இருபத்திரண்டு, அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம், ஆனால் யாருக்கு நிறுத்த மனம் வரும்? எட்டாம் நாள் முப்பத்தைந்து. பன்னிரண்டாம் நாள் அறுபத்தொரு அடி.

அறுபத்தொரு அடித் தெருவில் காற்று கூட வேறு மாதிரி அடித்தது. ஒரு மினி பஸ் அதைப் புறவழிச்சாலை என்று நினைத்து உள்ளே வந்து, கடைசி வீட்டுச் சுவரைப் பார்த்ததும் நின்று, டிரைவர் இறங்கி வழி கேட்டார். பேச்சியம்மாள் குழம்புக் கிண்ணத்தைச் சைக்கிளில் கொடுத்தனுப்பினார், போய்ச் சேர்வதற்குள் ஆறிவிட்டது. எதிர்வீட்டு ஆள் கையசைத்தால் யாரென்று தெரியாமல், கண் நன்றாக இருக்கிறவர்களே நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள்.

"இப்படியே போனா நானும் மதினியும் திரும்பப் பேசாம ஆயிருவோம்," என்றார் ஜெபக்கனி, போனில்.

ஓவர்சியர் அங்குராஜ் நீள நாடா ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் கூடவே நடந்து, யார் எவ்வளவு நடந்தால் எவ்வளவு அகலுகிறது என்று கணக்குப் போட்டு, கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். ஊர்வலமெல்லாம் வேண்டாம். மூணு பேரும் முன்பு அவரவர் போய்வந்த இடத்துக்கு அவரவர் போய்வந்தால் போதும், தெரு இருபத்திரண்டில் நிற்கும். நாகமணி பேருந்து நிலையத்துக்கு. ஜெபக்கனி சர்ச்சுக்கு. தவசி கபடி மைதானத்துக்கு.

நாகமணி மறுநாளே புறப்பட்டுவிட்டார். ஜெபக்கனி ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். தவசி மட்டும் நின்றார், ஏனென்றால் மைதானத்துக்குப் போக சங்கரன்கோவில் சாலையைக் கடக்க வேண்டும். பாதிச் சாலை வரைக்கும் வண்டிகள் வலது பக்கமிருந்து வரும், அது அவருக்குத் தெரியும். அதற்கு மேல் எல்லாம் இடது பக்கமிருந்து வரும். அவர் நாற்காலிக்குத் திரும்பவில்லை, ஆனால் தினமும் சாலை விளிம்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். தெரு இருபத்திரண்டுக்கு இறங்கி, அங்கே நிற்காமல் இருபத்தொன்றானது, இருபதானது, பத்தொன்பதானது. ஓவர்சியர் அளந்து, தன் புதுப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். பேச்சியம்மாள் டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றாமல் வைத்திருந்தார். தவசி வீட்டுக்குள் கழுத்தைத் திருப்பப் பழகினார். மூன்றடிக்கு ஒரு தடவை இடது பக்கம், கோழி பார்க்கிற மாதிரி. தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது, வகுப்பில் டீச்சர் திட்டினார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி வந்தது. கூப்பிட வந்தவர்களிடம் தவசி ஒளிக்கவில்லை. "எனக்கு இடது ஓரம் கிடையாது. களம் முழுக்க என் வலது பக்கம் வர்ற மாதிரி மூலையில நிக்கேன். எதிர்ல இன்னொரு நடுவரைப் போடுங்க. சம்மதமா?" அவர்கள் சம்மதம் என்றார்கள், போகும்போது ஒருவர் திரும்பி, "அண்ணே, நீங்க குடுக்காம விட்ட ஒரே பாயிண்டைப் பத்தித்தான் ஊரே நாலு மாசமாப் பேசுது. மத்தவன் தப்பாக் குடுத்ததை எல்லாம் யாரும் எண்ணக்கூட இல்லை," என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு வெள்ளைச் சட்டையோடு தவசி சாலை விளிம்பில் நின்றார். தெரு முழுவதும் பின்னால் நின்றது. லாரி போனது, பஸ் போனது, கல்யாண வேன் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. ஒவ்வொரு வண்டிக்கும் தவசி ஓர் அடி முன்னால் வைத்துப் பின்னால் எடுத்தார், அதை எல்லாரும் பார்த்தார்கள், அவரும் மறைக்கவில்லை.

"பயமா இருக்காப்பா?" என்றாள் காளீஸ்வரி.

"இருக்கு."

"போகணுமா?"

"போகணும்."

அவள் பழக்கப்படி இடது பக்கம் வந்தாள். தவசி குனிந்து அவளைத் தேடிப் பார்த்தார், பார்க்க முகத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. "பிள்ள, இன்னைக்கு இடது பக்கத்தை நானே பார்த்துக்கிடலாம்னு நெனைக்கேன். கழுத்தைத் திருப்பி. நீ எந்தப் பக்கம் வந்தாலும் சரி. வராம இங்கனயே நின்னாலும் சரி."

உடனே பின்னாலிருந்து தெரு பேசியது. "இடது பக்கமே நில்லுடி, லாரி வருது," என்றார் பேச்சியம்மாள். "ரெண்டு பக்கமும் ரெண்டு பேரைப் போடுங்க," என்றார் ஓவர்சியர். "அண்ணனை நம்பி விடு பிள்ள," என்றார் ஜெபக்கனி. "நாலு பன்னிரண்டுக்குள்ள புறப்படணும்," என்றார் நாகமணி. "நீ நிக்கலைன்னா நான் நிக்கேன், இடது பக்கம் எனக்குக் குடு," என்றான் அவளோடு படிக்கிற ஒருவன். தவசி இடது பக்கம் ஒரு தடவை கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, காத்திருந்தார்.

காளீஸ்வரி அப்பாவைச் சுற்றிப் போய் அவருடைய வலது பக்கத்தில் நின்றாள்.